கற்பூரம் அணைத்தும் முடியாத வழக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாவது வரைதான். அதோடு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

அந்தக் கையைப் பற்றியதுதான் வழக்கு. போன கவ்வாத்தின்போது, தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டு எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிய நேரம், குழாயடியில் என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் வாய்த் தகராறு. யார் குடம் முதலில் என்பதுதான் விஷயம். அவன் குடித்திருந்தான். கையில் கவ்வாத்துக் கத்தி. கழுத்துக்கு வந்ததைக் கையால் தடுத்தேன். போலீஸ் கொலை முயற்சி என்று எழுதியது.

அவன் ஜாமீனில் வந்ததும் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் இரண்டு வீட்டாரும் கூடினோம். கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்து, இனி பகை இல்லை என்று அவனும் நானும் சத்தியம் செய்தோம். எங்கள் லயத்தில் எந்தச் சண்டையும் அப்படித்தான் முடியும். இதுவும் முடிந்தது என்றே நினைத்தோம். ஊட்டி கோர்ட்டிலிருந்து தேதி வந்தது. இருவருமே போகவில்லை. பிறகு வாரண்டோடு போலீஸ் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

"கற்பூரம் அணைஞ்சா கேசும் அணைஞ்சிருமுங்களா?" என்று அவனுக்காக நாங்கள் பிடித்த வக்கீல் சிரித்தார். "இந்தப் பிரிவுல இங்க சமாதானம் செல்லாதுங்க. சென்னை ஐகோர்ட்டுல ரத்து மனு போடோணும். அவங்க மனசு வெச்சாத்தான் உண்டு."

மறுபடி அவனை வெளியே எடுத்த பிறகு இருவரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனோம். தண்ணீர் பாட்டில் மூடியை என்னால் திருக முடியவில்லை. அவன் வாங்கித் திறந்து கொடுத்தான். என் கையைப் பார்க்கவில்லை.

"யாராவது மிரட்டி இந்தச் சமாதான மனுவுல கையெழுத்து வாங்கினாங்களா?" என்று ஐகோர்ட் நீதிபதி என்னைக் கேட்டார்.

"இல்லீங்க."

"மனசார மன்னிச்சுட்டீங்களா?"

தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அவர் காகிதங்களைப் புரட்டினார். "மன்னிச்சது உங்க நல்ல மனசு. ஆனா கத்தி கழுத்துக்கு வந்திருக்கு. இது நீங்க ரெண்டு பேர் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் இல்லை."

மனு தள்ளுபடி.

வெளியே வெயிலில் நின்றோம். "ஏன் மாமா, கழுத்துக்கு வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்னங்க?" என்றான்.

"அப்புறம் என்ன மாப்ளே, எனக்குச் சவரம் பண்ணவா வந்தே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்துக்கொண்டிருந்தவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நாளை ஊட்டியில் என் சாட்சி. இரண்டு நாளாக மனைவி ஒரே பேச்சு.

"ஏனுங்க, மூடுபனியில ஆளு தெரியலைன்னு சொல்லிப்போடுங்க. அவன் பிள்ளைங்க மொகத்தப் பாருங்க. அம்மன் முன்னால சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பகை இல்லைன்னுதானே சத்தியம் பண்ணுனேன்."

"உள்ள தள்ளிப்போட்டு, பகை இல்லைன்னா யாருங்க நம்புவா?"

அன்று மூடுபனி கிடையாது. நல்ல வெயில். நீதிபதி சொன்னதும் சரியாகப் படுகிறது, இவள் சொல்வதும் சரியாகப் படுகிறது. கத்தி பிடிக்க முடியாமல் இப்போது ஃபேக்டரி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

கூண்டில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாய் வரவில்லையென்றால் இந்தத் தாளை நீட்டுவேன். கத்தி என் கழுத்துக்குத்தான் வந்தது. வீசியது என் மைத்துனன்தான். அவன் மேல் எனக்குப் பகை இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கார்த்திகை ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை.