நூறு ட்ரம் தண்ணீர்

நாகம்மா தமிழில் பேசுவாள், தமிழில் திட்டுவாள். எண்ணும்போது மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவாள். அம்மா வீட்டுப் பழக்கம். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய இரண்டு ஏக்கர் காட்டில் தினமும் மோட்டார் போட்டதும், குழாய்க்குக் கீழே நீல ட்ரம் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று முணுமுணுக்கத் தொடங்குவாள். இருநூறு லிட்டர் ட்ரம். அது வழிகிறபோது எந்த எண்ணில் இருக்கிறாளோ, அதுதான் அன்றைக்குப் போர்வெல்லின் உடம்பு நிலை.

கல்யாணமாகி வந்த புதிதில் எண்பத்தைந்து எண்ணுவதற்குள் வழிந்தது. இப்போது நூற்றைம்பது. மோட்டார் அதே ஏழரை ஹெச்.பி.தான். அன்றைக்கு நானூறு அடியிலிருந்து தூக்கிய தண்ணீரை இன்றைக்கு எழுநூறு அடியிலிருந்து தூக்குகிறது. அது படுகிற பாடு குறையவில்லை. தூரம் கூடியதால் மேலே வந்து சேர்வதுதான் குறைந்தது.

நாலு மணி நேரம் ஓடினால் சிமெண்டுத் தொட்டி நிரம்பும். தொட்டிக்கு நூறு ட்ரம் பிடிக்கும். அதோடு போர்வெல்லில் அன்றைக்கு ஊறிய தண்ணீர் தீர்ந்து குழாய் காற்றை இருமத் தொடங்கும், நாகம்மா ஓடிப்போய் நிறுத்துவாள். சொட்டுநீரில் மேல் ஏக்கர் தக்காளிக்கு அந்த ஒரு தொட்டி போதும். கீழ் ஏக்கர் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தது.

அது அவள் புருஷன் மாதேஷின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தபடியே காட்டையும் பார்ப்பவன். அவனுடைய தம்பி பெண்டாட்டி சுகுணா, காலை ஆறு மணி வேனில் கம்பெனிக்குப் போகிறாள். "அக்கா, ஹவுஸ்கீப்பிங்ல ஆள் கேக்கறாங்க, வர்றியா?" என்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பாள். நாகம்மா தலையாட்டி மறுத்துவிடுவாள். இடுப்பு உட்காரச் சொன்னால் வரப்பில் உட்காரலாம். அங்கே யாரைக் கேட்டு உட்காருவது?

"கீழ் ஏக்கரும் வெளஞ்சாத்தான் நீ இங்க இருக்க முடியும்" என்று மாதேஷ் ஒருநாள் சொல்லிவிட்டான். "இல்லன்னா நீயும் வேன் ஏற வேண்டியதுதான். பதினஞ்சு ஹெச்.பி. மோட்டார் போட்டா நாலு மணி நேரத்துல ரெண்டு தொட்டி ரொம்பும், பாத்துகினே இரு."

மோட்டார் இறக்க வந்தவன் சௌந்தரராஜன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன், ஓசூர் கம்பெனியில் மெயின்டனன்ஸ், லீவு நாளில் இந்த வேலை. கேபிளைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, மோட்டாரு தண்ணிய உண்டாக்காது. கெடக்குறத வெரசாத் தூக்கும், அம்புட்டுதான். நாலு நாள் வேலைய ரெண்டு நாள்ல முடிக்கிற ஆளு மாதிரி. வேல என்னவோ அதே வேலதாண்ணே."

"நீ எறக்குப்பா."

முதல் நாள் ட்ரம் எழுபத்தைந்தில் வழிந்தது. தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதித் தெறித்ததைப் பார்த்து மாதேஷ் விசிலடித்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த சுகுணா, "பதினஞ்சு குதிரையக் கட்டிட்டீங்க மாமா, குடிக்கத் தண்ணி வெச்சீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மாவும் சிரித்தாள்.

இரண்டு மணி நேரத்தில் தொட்டி நிரம்பியது. குழாய் இருமியது.

"காத்துப் புடிச்சிருக்கு. வரும்" என்றான் மாதேஷ்.

"நூறு ட்ரம்தாங்க. அதேதான். சீக்கிரம் வந்து முடிஞ்சிருச்சு."

"ஆமா, நீ உள்ள போய்ப் பாத்துட்டு வந்தியா? நாத்து நாளைக்கு வருது. இப்ப வேணாம்னு சொல்ல முடியுமா?"

நாற்று வந்தது. கீழ் ஏக்கரிலும் நட்டார்கள். ஒரு தொட்டித் தண்ணீரை நாகம்மா இரண்டாகப் பிரித்து விட்டாள். மூன்று வாரத்தில் இரண்டு ஏக்கரும் ஒன்றுபோல வெளிறின. தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் சிறு பெட்டி ஒன்று, புது மோட்டாரோடு வந்த ஸ்டார்ட்டரில் இருந்தது. அது தினமும் இரண்டு மணி நேரத்தில் கட் ஆக்குகிறது என்று எரிச்சல்பட்டு, மாதேஷ் அதன் ஒயரைக் கழற்றிவிட்டான். அதன் பிறகு நாகம்மாவின் காதுதான் அந்தப் பெட்டி.

மாசிக் கடைசியில் அவள் அக்கா மகள் வளைகாப்புக்குப் போன அன்று, மாதேஷ் ஷிப்டிலிருந்தபடியே ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம்முக்குப் போன் அடித்து மோட்டாரைப் போட்டான். பழைய வழக்கப்படி நாலு மணி நேரம் கழித்து, போனிலேயே நிறுத்தினான். சாயங்காலம் அவள் கை நிறைய வளையலோடு காட்டுக்கு வந்தபோது ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கருகல் வாடை அடித்தது. குழாய் வாயில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

சௌந்தரராஜன் மோட்டாரை மேலே எடுத்தான். உள்ளே கம்பிச் சுருள் கருகிப் போயிருந்தது. "ஓடுன வேகத்துல மண்ணையும் சேத்து இழுத்திருக்கு. ஊத்துக் கண்ணு அடைச்சிருக்கும்போல. பழசவே எறக்கிப் பாப்போம்" என்றான்.

பழைய மோட்டார் இறங்கியது. நாகம்மா ட்ரம்மை நகர்த்தி வைத்தாள். எண்ணினாள். நூற்றைம்பதில் வழிந்தது. அவளுக்கு நெஞ்சு லேசானது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் பழையபடிதான் என்று நினைத்தாள். மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அதே நூற்றைம்பது.

இரண்டு மணி நேரத்தில் குழாய் இருமியது. எட்டிப் பார்த்தாள். தொட்டியில் பாதிதான்.

ட்ரம் பக்கத்தில் அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக அவள் எண்ணிக்கொண்டிருந்தது தண்ணீர் வரும் வேகத்தை மட்டும்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அந்த எண்ணில் ஒருநாளும் இருந்ததில்லை.

அன்றைக்கே கீழ் ஏக்கர் வால்வை மூடினாள். பூ விட்டிருந்தது. மறுநாள் மேல் ஏக்கரில் பாதி வரிசைகளுக்கான குழாய்களை மடித்துக் கட்டினாள். மாதேஷ் தொட்டி மேட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதையும் கட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"கட்டிட்டன்."

இரவுச் சோற்றுக்கு முன்னால் சுகுணா வீட்டு வாசலில் போய் நின்றாள். "வேன்ல எடம் இருக்குமா?"

சுகுணா கேலி செய்வாள் என்று நினைத்திருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதுக்கா. ஆறு மணிக்கு வந்துரு. ஜன்னலோரம் புடிச்சு வெக்கறன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கருகிய மோட்டாரை ஏற்றிப் போகச் சௌந்தரராஜன் வண்டியோடு வந்தான். நாகம்மா ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலிருந்து அந்தக் கழற்றிய ஒயரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இத திரும்ப மாட்டிக் குடு தம்பி. கரண்ட் ஒம்பது மணிக்குத்தான் வருது. நிறுத்தறதுக்கு நாளையில இருந்து நா இங்க இருக்கமாட்டன்."