அத்தை திருத்திய ரீஸ்லிங்

சித்தப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் பயன்படாமல் போனது ஒரு பாட்டில் ஒயின் மட்டும்தான். கம்பளிக் கோட்டுகூட மார்கழியில் அப்பாவுக்கு உதவியது.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. பாட்டில் எப்படி ஊர் வந்து சேர்ந்தது என்று அப்பா கேட்கவே இல்லை. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயந்தார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள், பழைய போர்வைகளுக்கு நடுவே அது படுத்துக் கிடந்தது. நிற்க வைக்கக் கூடாதாம். தக்கை காய்ந்துவிடுமாம்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சித்தப்பாவுக்கு வேலை. புது இயந்திரத்தைப் பழகிக்கொள்ள அவரை ஒரு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ரைன் நதிக்கரையில் ஓர் என்ஜினியர் வீட்டு மாடியில் தங்கியிருந்தார். என்ஜினியரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிற குடும்பம். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு இவர் மட்டும் இயந்திரங்களின் பின்னால் போனவர்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தப்பா அந்தத் தோட்டங்களைப் பற்றிச் சொல்வார். ரீஸ்லிங் என்று ஒரு வெள்ளைத் திராட்சை, பாட்டிலில் இருந்ததும் அதன் ஒயின்தான். பல்லாவரம் மலையைவிடச் செங்குத்தான ஆற்றங்கரைச் சரிவில், மண்ணைவிடக் கல் அதிகமாக இருக்கும் இடத்தில் வளருமாம். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்குமாம்.

"நம்ம தாம்பரத்துல கல்லே தேவையில்லையே, வெயிலே போதுமே" என்றாள் அம்மா.

சில தோட்டங்கள் ஒரு காலத்தில் துறவிகளுடையவை, சில பிரபுக்களுடையவை. பூமிக்கடியில் குகை மாதிரி நிலவறைகள் உண்டு. அவற்றின் சுவர்களில் கறுப்புக் கம்பளி போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். இந்த இடத்தில் அத்தை சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"தொடைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா. அது இருந்தாத்தான் அவங்களுக்குப் பெருமை."

"சோம்பேறிங்க" என்றாள் அத்தை.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், பள்ளிக்கூட ஆசிரியை, எங்களோடுதான் இருந்தாள். எங்கள் சபையில் திருவிருந்துக்கான திராட்சை ரசம் அவள் கையால்தான் தயாராகும். கிறிஸ்துமஸ் ஒயினும் அவள் பொறுப்பு. பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிட்டால், அந்த அறைக்குள் நாங்கள் ஓடக்கூடக் கூடாது. ஒயின் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும், இனிக்க வேண்டும், கிராம்பு மணக்க வேண்டும் என்பது அவள் கட்சி. தாம்பரத்தில் அதை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த என்ஜினியர் சென்னைக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. இயந்திரத்தை நிறுவ வருகிறார். போகும்போது அந்த இயந்திரப் பிரிவை மேற்பார்க்க யாரை ஃபோர்மேனாகப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். சித்தப்பாவின் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. கீழ்க்கட்டளையில் பெண் பார்த்து எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. வேலை நிரந்தரமானால்தான் தேதி வைப்போம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆக, அவருடைய வேலை, கல்யாணம் இரண்டும் அந்த ஜெர்மன்காரரின் வாயில் இருந்தன. அந்த வாய்க்கு எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முடிவாயிற்று. பாட்டிலைக் கொடுத்தபோதே அவர் சொல்லியிருந்தாராம், இது என் அப்பா செய்தது, உன் வீட்டுக்கு வரும்போது சேர்ந்து திறப்போம் என்று.

அன்று காலையிலிருந்து வீடு அமர்க்களப்பட்டது. மத்தியானம் சித்தப்பா விருந்தாளியை அழைத்துவரக் கிளம்பியதும் அத்தை பெட்டியைத் திறந்தாள். தான் ருசி பார்க்காத எதையும் அவள் விருந்தாளிக்கு வைத்ததில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பித் தக்கையை ஒருவழியாக வெளியே எடுத்து, மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயையோ! கிருஷ்ணாயில் வாடை."

அம்மாவும் மோந்து பார்த்தாள். எனக்கும் காட்டினார்கள். சந்தேகமே இல்லை, மண்ணெண்ணெய்தான். எங்கள் தெருவில் காலி பாட்டில் என்று ஒன்று இருந்தால் அது கடைசியில் மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். அந்த ஊரிலும் அப்படித்தான் என்று அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"செவுத்தையே தொடைக்காதவங்க, பாட்டிலைக் கழுவவா போறாங்க?"

ஒரு ஸ்பூன் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். புளிப்பு. போதாக்குறைக்கு நிறம் வேறு மஞ்சள்.

"இதக் குடிச்சா அந்த மனுஷன் வேலை குடுப்பாரா? என் தம்பி வாழ்க்கை போச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாடை போகும்வரை கொதிக்கவிட்டாள். சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு துண்டு சுக்கு. நிறத்துக்குப் பீட்ரூட். குறைந்ததற்கு ஈடாகத் தன்னுடைய ஜாடியிலிருந்து தாராளமாக ஊற்றினாள். ஆறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் நிரப்பி, தக்கையைத் தட்டி இறக்கி, மெழுகுவர்த்தியை உருக்கி மேலே பூசினாள். பழுப்புக் கண்ணாடி என்பதால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஜெர்மன்காரர் வந்தார். நிலைப்படியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து வந்தார். பிறகு உள்ளேயும் குனிந்தே நடந்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும் என்பதால் சித்தப்பாதான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். கோழிக் குழம்பில் அவருக்கு மூக்கு சிவந்தது. நல்லவேளையாக அப்போது பாட்டில் வந்தது. அதன் லேபிளை அவர் விரலால் ஒருமுறை தடவினார்.

சித்தப்பா ஊற்றினார். டம்ளரில் ரத்தச் சிவப்பாக விழுந்தது. அவர் கை அப்படியே நின்றது. டம்ளரைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டு புன்னகையோடு நின்றிருந்தாள்.

"என்னடா முழிக்கிற? கெட்டுப் போய் இருந்திச்சு. நான் சரி பண்ணிட்டேன்னு சொல்லு அவருக்கு."

சித்தப்பா அதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தார். ஜெர்மன்காரர் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மோந்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மேசைவிரிப்பின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, அத்தையைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். மூச்சுவிடாமல் பேசினார்.

"என்னடா சொல்றாரு?"

"அவங்க வீட்டுலயும் குளிர்காலத்துல பட்டை கிராம்பு போட்டுத்தான் குடிப்பாங்களாம் அக்கா."

"பார்த்தியா!" என்றாள் அத்தை அம்மாவிடம்.

அவர் டம்ளரை மறுபடி நீட்டினார். அத்தையே ஊற்றினாள். பாட்டில் காலியாகும்வரை ஊற்றினாள். போகும்போது அவர் அத்தைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். எங்கள் சபையில் பிஷப்புக்குக்கூட யாரும் அப்படிக் குனிந்ததில்லை.

அடுத்த வாரமே சித்தப்பா ஃபோர்மேன் ஆனார். வைகாசியில் கல்யாணம். ஜெர்மன்காரனுக்கே ஒயின் செய்யச் சொல்லிக்கொடுத்தவள் என்று அத்தையின் பெயர் பெருங்களத்தூர்வரை பரவியது. பரப்பியவளும் அவள்தான்.

நன்றாக முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் போல ஒரு மணம் வருவது இயல்பு, அதைத் தேடிக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அத்தை காலமாகிச் சில வருஷம் கழித்து, அன்று ஜெர்மன்காரர் பேசியதன் மீதியையும் சித்தப்பா சொன்னார். "எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் பட்டை, கிராம்பு போட்டுத்தான் குடிப்போம். ஆனால் வேறு எதற்கும் உதவாத ஒயினைத்தான் அப்படிச் செய்வோம். இதை என் அப்பா பார்த்திருந்தால் துப்பாக்கியைத் தேடியிருப்பார். நீ எதைச் சொல்வாய், எதை விடுவாய் என்று பார்க்கிறேன்."

மறுநாள் தொழிற்சாலையில் அவர் சித்தப்பாவின் தோளில் தட்டி, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கிற இடத்துக்கு நீதான் சரி என்றாராம்.

அன்றிரவு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரே விஷயத்தைச் சொல்ல ஜெர்மன்காரருக்கு அவ்வளவு நேரமும் சித்தப்பாவுக்குக் கொஞ்ச நேரமும் ஆனதைப் பார்த்து, ஜெர்மன் பாஷைக்குச் சிக்கனம் போதாது என்று முடிவு செய்துகொண்டு தூங்கப் போனேன்.