குலுங்காமல் கிளம்பிய கார்

என் பழைய ஆட்டோ கியர் காரில் டார்க் கன்வர்ட்டர் போய்விட்டது. எஞ்சினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கொண்டுபோகும் பாகம் அது.

"ரெண்டு வகை இருக்குண்ணே" என்றார் ரிங்லெட் டவுன் மெக்கானிக். "ஒண்ணு மிதிச்சா பாயும். இன்னொண்ணு பிரேக்க விட்டா மெதுவா நகரும். எது போடட்டும்?"

பாய்வதுதான் என் ஆசை. ஆனால் என் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மச்சானின் வேனில் மலையிறங்கும்போது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

"மெதுவா நகர்றதே போடுங்க" என்றேன்.

வீட்டில் சொன்னதும் அவளுக்குக் கோபம். "எனக்கு அப்புறமும் நீங்கதானே ஓட்டணும்? உங்களுக்குப் புடிச்சதையே போடுங்க லா."

அந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் வெளியே போய்விட்டேன்.

பாகம் வந்த அன்று அவள் இறந்துபோனாள். தகனத்துக்கு வந்த மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னும் மாட்டலண்ணே. வேணும்னா பாயுறதையே மாத்தி வாங்கிடலாம்."

"வேணாம். வந்ததையே மாட்டுங்க. அஸ்தி கரைக்க லூமுட் கடலுக்குப் போகணும்."

அவர் மறுநாள் காரைத் தயாராக்கி, எங்கள் தோட்டத்து லயத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

அஸ்திக் கலயத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். பிரேக்கை விட்டேன். தேயிலைச் சரிவையொட்டிய மேட்டில் கார் தானாக, மெதுவாக நகர்ந்தது. கலயம் அசையவே இல்லை.

"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். கதவைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.