பின்தங்கி வந்த குரல்

பெரம்பலூரில் எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டம் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கூடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடையூறு நேராதபடி, கண்ணாடிக் கதவை அடைத்துவிட்டுப் பின்னறையில் அமர்ந்து பதிகம் ஓதுவோம். ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவது எங்கள் முறை. பெரும்பாலும் முன்னே பாடுபவன் நான். வாங்கிப் பாடுவோரில் மிகக் கணீரென்ற குரல் பாடாலூர் நண்பருடையது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சென்ற மழைக்காலத்தில் அவர் கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் பாட்டு நின்றுபோயிற்று. பார்க்கச் சென்றபோது, “இனிமே என்னைச் சேத்துக்காதீங்க. தனியா பாடுனா அடுத்த அடியே வரமாட்டேங்குது” என்றார். அவருடைய உடல்நோவைவிட அச்சொல்லே என்னை வருத்தியது. அடியார் கூட்டத்தைப் பிரிவதினும் கொடிய தனிமை உண்டோ?

நூலகர் அம்மையாரிடம் முறையிட்டேன். புதிய கருவி எது வந்தாலும் அன்றைக்கே உறை பிரித்துப் பார்ப்பவர் அவர். “வர முடியாதவங்களுக்குப் பொஸ்தகத்தை வூட்டுக்கே குடுத்தனுப்புறோம். பாட்டை அனுப்பக் கூடாதாங்கய்யா?” என்றார்.

அடுத்த வெள்ளியன்று, மாணவர்களுக்கு இணையவழிப் பாடம் காட்டும் பெரிய திரையில், வீடியோ காலில் நண்பர் தோன்றினார். மகள் கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள் போலும். நீறு பூசிய பாதி நெற்றியும், சுழலும் மின்விசிறியும் தெரிந்தன.

நான் பாடினேன், அறையிலிருந்தோர் வாங்கிப் பாடினர். நான் அடுத்த அடியை எடுத்தபோது, நண்பரின் குரல் முந்தைய அடியையே பாடிக்கொண்டிருந்தது. நூலகர் கையசைத்து நிறுத்தச் சொன்னார். எடுத்த பதிகத்தை இறுதிப் பாட்டு வரை ஓதாமல் விடுவது எங்கள் வழக்கத்தில் இல்லையே! ஒருவரும் நிறுத்தவில்லை. தாம் பிந்துவதை உணர்ந்து அவர் விரைய, அவருக்காக இங்கே சிலர் தாமதிக்க, நான் குரலை உயர்த்த, கொள்ளிடத்து வெள்ளத்தில் சிக்கிய பரிசல்களாக எல்லாப் பாட்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒருவாறு கரைசேர்ந்தன. கதவுக்கு அப்பால் தேர்வுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“போதும்ப்பா, சிவனே காதைப் பொத்திக்கிட்டிருப்பாரு” என்ற நண்பர், மகளை நோக்கி, “போனை அமத்தும்மா” என்றார்.

“செத்த இருங்கய்யா!” என்று நூலகர் திரைக்கு முன்னே வந்தார். “பதிகந்தான் முடிஞ்சிருச்சே, இப்பவாவது நான் பேசலாமா? உங்க குரல் இங்க வந்துசேர கொஞ்சம் நேரமாவுது. கூடவே பாடுனா இடிக்கத்தான் செய்யும். நீங்க முன்னால பாடுங்க, இவங்க வாங்கிப் பாடட்டும். இவங்க முடிக்கிறது உங்க காதுல வுழுந்தப்புறம் அடுத்த அடியை எடுங்க.”

“முன்னாலயா? நானா? காலமெல்லாம் பின்வாசல்ல நின்னு விசில் ஊதுனவன்ங்க நான்.”

“விசில் ஊதுனாத்தானே பஸ் கெளம்பும்? ஊதுங்க!” என்றேன்.

முதலடி நடுங்கி வந்தது. நாங்கள் வாங்கிப் பாடினோம். சிறிது அமைதி. இரண்டாம் அடி வந்தது. அந்த இடைவெளி, மூச்சு வாங்கும் எங்கள் வயதுக்கும் இதமாகவே இருந்தது. மூன்றாம் பாட்டில் குரல் நிமிர்ந்தது. ஐந்தாம் பாட்டில் அதிகாரமும் வந்துவிட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், “என்ன, சன்னலோரம் சத்தத்தையே காணோம்? டிக்கெட் எடுத்தாச்சா?” என்று அதட்டினார். சன்னலோரம் இருந்தவன் நானே. திருவருளை எண்ணி அடுத்த அடியை உரக்கப் பாடினேன்.

பதிகம் நிறைவுற்றது. நூலகர் அழைப்பைத் துண்டிக்கக் கை நீட்டியபோது, திரையில் மகளின் குரல் கேட்டது: “அப்பா, கஞ்சி ஆறுது.”

“ஆறட்டும், இரு. அடுத்த வாரம் எந்தப் பதிகம்னு இவங்க இன்னும் சொல்லவே இல்ல.”