லிங்கராஜின் தாடிச் சடை

தாடியை மூன்றாகப் பிரித்தாயிற்று. நடுப்பிரியை உதட்டால் கவ்விக்கொண்டு, மற்ற இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்தபடி, சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடியை எட்டிப் பார்க்கிறார் லிங்கராஜ். பழைய டிவிஎஸ் வண்டியின் பக்கக் கண்ணாடி அது. உள்ளங்கை அளவுதான். முகம் முழுதாகத் தெரியாது, தாடி மட்டும் தெரியும். அவருக்கு அது போதும்.

"கோதுமைய அங்கன வையுங்க தம்பி. இந்தா முடிச்சிருதேன்" என்கிறார் என்னிடம், வாயில் முடியோடு.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய மாவு மில். காலை எட்டரை மணிக்கு நான்கைந்து பேர் தூக்குவாளியும் பையுமாக நின்றாலும் சரி, சடை பின்னி முடியாமல் அவர் கை சுவிட்சுக்குப் போகாது. பின்னல் தொப்புள் வரை இறங்கும். நுனியைச் சாக்குத் தைக்கிற நூலால் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். பிறகு சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவில் உள்ளே விட்டு, கொடியில் துணி மாட்டுகிற கிளிப் ஒன்றால் பனியனோடு சேர்த்துப் பிடிக்க வைப்பார். ஓடுகிற பெல்டுக்குத் தாடி என்றும் துணி என்றும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பயம் அவருக்கு உண்டு.

வயது ஐம்பத்தேழு. தலையில் சீப்புக்கு வேலையே இல்லை. மேலே இருந்ததெல்லாம் கீழே இறங்கிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அவரும் மறுப்பதில்லை. அன்றைக்கு என்ன திரித்தார் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தாடியைப் பார்த்தால் போதும். அரிசியும் கம்பும் என்றால் சாம்பல் பூத்திருக்கும். மஞ்சள் திரித்த நாளில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார். மிளகாய் வத்தல் திரித்த நாளில் மட்டும் அவரோடு பக்கத்தில் நின்று பேசக் கூடாது. நான் ஒரு தடவை மறந்துபோய்க் காதுக்குள் ரகசியம் சொல்லப் போய், ஒன்பது தும்மல் தும்மினேன். ஒவ்வொன்றுக்கும் "நூறு நூறு" என்று வாழ்த்திக்கொண்டே வந்தார் மனிதர்.

வத்தலுக்குப் பிறகு கோதுமை போடுவதாக இருந்தால் ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி மிஷினைச் சுத்தம் செய்வார். அந்தச் சிவந்த மாவை மில்லுக்கு வெளியே கொட்டுவார். எறும்புகூட வராது. "யார் வீட்டுச் சப்பாத்தியும் என்னால காரமா இருக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. அடுத்தவருக்கு எரியக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமான ஆளுக்குத்தான் இப்படி ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது.

தாடி வந்த கதை இது. மகள் செண்பகவல்லிக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் திறந்தாள். இடையில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கழுகுமலை முருகனிடம் லிங்கராஜ் சொன்ன வார்த்தை இது. பிள்ளை பிழைத்து எழுந்து, படித்து வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்கும் வரை முகத்தில் கத்தி வைக்க மாட்டேன். நின்றதும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். எனக்குத் தாடி, அவளுக்குப் பூமுடி, ரெண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறக்குவோம். பூமுடி என்றால் மொட்டையல்ல, நுனியில் மூன்று கத்தரி வெட்டு, அவ்வளவுதான்.

மறுவருஷம் அவர் மனைவி வெயிலம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகத் தொடங்கினார். அதிகாலை ஐந்தரைக்கு வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பிள்ளை எழுந்திருப்பது ஏழு மணிக்கு. பள்ளிக்கூடத்திலோ இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டித்தான் வர வேண்டும் என்று சட்டம். ஆக, சடை போடுகிற பொறுப்பு லிங்கராஜ் தலையில் விழுந்தது. முதல் நாள் அவர் போட்டுவிட்ட சடை பிரேயர் முடிவதற்குள் அவிழ்ந்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் பின்னால் சீப்போடு போய் நின்றார். "ஒந்தலையில கொஞ்சம் படிச்சுக்கிடுதேன்" என்று கேட்டார்.

"வாரத்துல ஒரு நா தலைக்கு ஊத்தி ஒறங்குதேன். நான் என்ன, ஒமக்கு எழுதிப் பழகுத சிலேட்டா?" என்று வெயிலம்மாள் கொண்டையை இறுக முடிந்துகொண்டார். அன்று முடிந்த கொண்டை, அதன்பிறகு லிங்கராஜ் கைக்குக் கிடைக்கவேயில்லை.

வேறு வழி? தாடி அப்போது ஒரு சாண் வளர்ந்திருந்தது. மில்லில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அதைப் பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னிப் படித்தார். "லிங்கராஜு, பூ வாங்கிட்டு வரவா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பதினைந்தே நாளில் கை பழகிவிட்டது. ஒரு சின்னத் தப்பு மட்டும் சேர்ந்தே பழகியது. தாடியை மோவாயிலிருந்து கீழ்நோக்கி இழுத்துப் பின்னினால் நன்றாக நிற்கும், அதனால் வேரிலேயே இறுக்குவார். அதே இறுக்கத்தை மகளின் தலையிலும் காட்டினார். ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ இன்றும் மில் சுவரில் தொங்குகிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகளில் செண்பகவல்லி ஒருத்தி மட்டும் புருவம் இரண்டும் மேலே ஏறி, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் போல உட்கார்ந்திருக்கிறாள். "எம்புள்ள எவ்வளவு உசாரா இருக்கா பாத்தீங்களா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். என்னிடமும்தான். பத்தாம் வகுப்பு முடிகிற வரை ஏழு வருஷம், ஒரு நாள் விடாமல் போட்டுவிட்டார். அவளும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

அவள் நர்ஸிங் படித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த சமயம் கொரோனா வந்துவிட்டது. கோயிலுக்குப் பூட்டு, அவளுக்கு ஓயாத டியூட்டி. அது ஓய்ந்ததும் மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். நாலு வருஷமாகிறது. சொந்தக் காலில் நிற்கிறாள், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். அவள் பக்கத்தில் இல்லாமல் தாடியை இறக்கினால் வாக்குத் தப்பிவிடும் என்பார் லிங்கராஜ். அவளும் இரண்டு தடவை லீவில் வருவதாகச் சொல்லி இரண்டு தடவையும் வரவில்லை. தாடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

போன தீபாவளியன்று வீடியோவில் பேசும்போதுதான் அந்தப் போட்டோவின் சங்கதி வெளியே வந்தது. மகளுக்கு இங்கிருந்தே சுவரைக் காட்டியிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"அப்பா, அது உசார் இல்ல. வலி. கண்ண மூடக்கூட முடியாது. ஆனந்தி இருந்தால்லா, என் பக்கத்து பெஞ்சு, அவதான் இண்டர்வெல்ல லூசாக்கி விடுவா. சாயங்காலம் பெல் அடிக்க முன்ன பழையபடி இறுக்கிக் கட்டிவிடுவா."

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க தாடியில போட்டுப் போட்டுப் படிச்சத நான் பாத்திருக்கேன். எப்பிடிப்பா சொல்ல?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். இவரால் சிரிக்க முடியவில்லை. அதற்கப்புறம் நான் மில்லுக்குப் போனபோதெல்லாம் கவனித்தேன். சடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னியிருந்தார். கீழுதடு இழுபட்டு, பேச்சே குழறியது. பெல்டுக்குப் பயந்துதான் என்று நினைத்துக் கேட்டேன்.

"இல்ல தம்பி. அவளுக்கு எங்கன வலிச்சிருக்கும்னு பாக்கேன்" என்றார். "காலையில இறுக்குனா பத்து மணிக்குக் காதுப்பக்கம் புடிக்கி. பதினோரு மணிக்கு நெத்தி. ஏழு வருசம் தம்பி. பச்சப்புள்ள."

கோதுமை மாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தை மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று, நேரே கழுகுமலைதான். லிங்கராஜ் மில் வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டார்: "பங்குனி உத்திரத்தன்று மில் கிடையாது." இரண்டு மாதம் முன்னாலேயே. இடைசெவலிலிருந்து பைக்கில் கம்பு கொண்டுவருகிற ஒருவர், இவ்வளவு சீக்கிரமாக யாரும் லீவு சொல்லிப் பார்த்ததில்லை என்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து வேறொரு படிப்பு ஆரம்பித்தது. வலிக்காமல், அதே சமயம் அவிழாமலும் சடை போடுவது எப்படி? முதல் இரண்டு பின்னலைத் தளர விட்டு, மூன்றாவதிலிருந்து பிடிப்பார். தாடியை இரண்டாகப் பிரித்து இரட்டைச் சடையாகவும் போட்டுப் பார்த்தார். இரட்டைச் சடையோடு அவர் உளுந்து திரித்த அழகைப் பார்க்கவே இரண்டு நாள் மில்லில் கூட்டம்.

"கோயிலுக்குப் போறதுக்கு முன்ன, ஒரே ஒரு தடவ, வலிக்காம அவளுக்குப் போட்டுவிடணும் தம்பி. அதுக்கப்புறம் இந்தத் தாடி எனக்கு எதுக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எதையாவது வேண்டும் என்று சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தப் பயிற்சியில் ஒரு நாள் தளர்ந்த சடை கிளிப்பை விட்டு நழுவி, சட்டைக்கு வெளியே வந்து, பெல்டுப் பக்கம் ஆடியது. பார்த்தது வெயிலம்மாள்தான். முழங்கால் வலியால் தீப்பெட்டி ஆபீஸை விட்டு நின்று, இப்போது மில்லில் மாவு சலிக்கிறார். அந்த முழங்காலோடு எப்படிப் பாய்ந்தாரோ, சுவிட்சைத் தட்டிவிட்டார். மில் இரைச்சல் நின்ற பிறகும் அவர் சத்தம் நிற்கவில்லை.

"மக வந்து எறங்கும்போது அப்பன மிஷின்லருந்து உருவித்தான் குடுக்கணுமா? இவியளுக்குப் புத்தி சொல்லுங்க தம்பி, நீங்களாவது!"

லிங்கராஜ் சடையை உள்ளே விட்டு, ஒரு கிளிப்புக்கு இரண்டு கிளிப்பாக மாட்டிக்கொண்டார்.

உத்திரத்துக்கு ஏழு நாள் இருக்கையில் மறுபடி போன் வந்தது. வார்டில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்களாம். லீவு ரத்து. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை, அழுதாள் என்று வெயிலம்மாள் சொன்னார். "சரித்தா, சரித்தா, அடுத்த தடவ பாத்துக்கிடலாம், முருகன் எங்க போயிறப்போறான்" என்று லிங்கராஜ்தான் சமாதானம் சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், ஈரத் துணியால் பலகையில் "கிடையாது" என்பதை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் "உண்டு" என்று எழுதியிருக்கிறார்.

உத்திரத்தன்று காலையில் கோதுமையோடு போனேன். வேறு ஆள் இல்லை, ஊரில் பாதி கழுகுமலைக்குப் போயிருந்தது. மில் ஓடவில்லை. அவர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாடி விரிந்து கிடந்தது. மூன்றாகப் பிரித்தார். ஒரு பின்னல் போட்டார். விட்டுவிட்டார். மறுபடி பிரித்தார். மறுபடியும் விட்டுவிட்டார்.

"கை வரல தம்பி" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "சடையில்லாம சுவிட்சப் போட முடியாது. சித்த இருங்க."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எதிர்ச்சுவரிலிருந்து புருவம் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

மூலையில் சலித்துக்கொண்டிருந்த வெயிலம்மாள் சல்லடையைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஒரு காலி எண்ணெய் டின்னைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து புருஷனுக்கு முன்னால் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தார். அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். பிறகு கொண்டை ஊசியை உருவினார். பாதி நரைத்த கூந்தல் அவிழ்ந்து இடுப்பு வரை விழுந்தது. நான் ஒருவன் நிற்பது இருவருக்குமே மறந்துவிட்டது போல.

லிங்கராஜ் கையை லுங்கியில் இரண்டு தரம் துடைத்தார். கூந்தலை நடுவில் வகிர்ந்தார். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பின்னலைப் போட்டுவிட்டு நிறுத்தினார்.

"வலிக்கா?"

"இல்ல. போடும்."

இருந்தாலும் மனைவியின் காதோரத்தில் ஒரு விரலை விட்டு, அந்தப் பின்னலைக் கொஞ்சம் தளர்த்தினார்.