பிறந்த ஆண்டு வரிசையும் கல்யாணப் பத்திரிகை வரிசையும்

ஆறு மாதம். அமெரிக்கச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் பெயர்களைத் திரட்டி, பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கி, இசை மாணவர்களுக்குக் கையேடாக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

இன்று காலை திருத்தங்கல் அச்சகத்துக்கு புரூஃப் பார்க்கப் போனேன். தேடித் தேடிப் பார்த்தும் அவரவர் ஆண்டில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம். பெண்கள் எல்லாரையும் கடைசிப் பக்கத்தில் ஒரே கட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள்.

"யாரு மாத்துனது?"

"நான்தாம்மா," என்றார் பக்கம் வடிவமைக்கும் அண்ணாச்சி, பெருமையாக. "ஆம்பள பொம்பளைன்னு பாக்காம கலந்து கொடுத்திருந்தீக. கல்யாணப் பத்திரிகைல பொம்பளையாளுக பேரு கடைசிலதான வரும்? சரி பண்ணிட்டேன்."

"அண்ணாச்சி, இவுக யாரும் பொண்ணு வீட்டுச் சொந்தக்காரவுக இல்ல. சிம்பொனி எழுதுனவுக!"

"எழுதட்டும்மா. அதுக்காக மொறைய மாத்த முடியுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பெயரையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வைத்தேன். மதியமாகிவிட்டது.

கிளம்பும்போதுதான் அட்டையைக் காட்டினார். பெரிய எழுத்தில் என் கணவர் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயர்.

"இது யாரைக் கேட்டுப் போட்டீக?"

"உங்க வீட்டு சாரைத்தாம்மா. போன்ல படம் அனுப்புனேன். நல்லாருக்குன்னாக."

சாருக்கு சிம்பொனி என்றால் சோப்பா சீப்பா என்றே தெரியாது.

அட்டையையும் மாற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று வீட்டில் சாருக்குச் சோறு கிடையாது. ஆட்சேபம் இருப்பவர்கள் கமெண்டில் வரிசையாக வரலாம்.

பெண்கள் முதலில்.