நான் கையெழுத்துப் போடாத மஞ்சள் படிவம்

போன வாரம் ஐந்து நாட்கள், எனக்கு போன் மணி அடித்தாலும் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

விஷயம் இதுதான். என் மகள் டிலக்சிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்து எயார் கடேற் அணியில், அதாவது விமானப்படை மாணவர் அணியில் இருக்கிறாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி முகாம். மன்னாரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் வருகிற ஒரு விமானத் தளத்தில். மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் நாலிலிருந்து பொறுக்கியெடுத்த பன்னிரண்டு பெண் பிள்ளைகள்; அவர்களுக்கு மேல் பதின்மூன்றாவதாக ஒரு குழுத் தலைவி. தலைவி யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்... தன் சொக்ஸைத் தேடித் தரச் சொல்லி தினமும் விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டுக் கத்துகிற அதே ஆள்தான்!

முகாமுக்கு முன்பு இரண்டு படிவங்கள் வந்தன. வெள்ளைப் படிவம் முகாமில் தங்குவதற்கு. மஞ்சள் படிவம் நாலாம் நாள் பறப்பதற்கு. சின்னப் பயிற்சி விமானம் ஒன்றில், மூன்று மூன்று பேராக ஏற்றி, பத்து நிமிடம் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்களாம். இரண்டிலும் கீழே ஒரு கோடு – பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

வெள்ளையில் போட்டேன். மஞ்சளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

முகாமுக்குப் பொறுப்பான ரீச்சரிடம் "பிறகு அனுப்புறன்" என்றேன். மகள் "அனுப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். தலை மட்டும்தான் பொய் சொன்னது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த விமானங்கள் வேறு. பத்து வயதில் எங்களுக்குச் சத்தத்தை வைத்தே சொல்லத் தெரியும் – இது பார்த்துவிட்டுப் போகிறது, இது குண்டு போட்டுவிட்டுத்தான் போகும். "பொம்மர் வருது" என்று யாராவது கத்தினால் குப்புறப் படுக்க வேண்டும். காதுக்குள் விரல். வாய் திறந்திருக்க வேண்டும். பிறகு படகேறி இராமேஸ்வரம், மண்டபம் அகதி முகாம், நிறைய வருடங்கள். அங்கே பயணிகள் விமானம் ஒன்று உயரத்தில் போனால்கூட நாங்கள் கட்டிலுக்குக் கீழே ஓடுவோம். திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பத்திரிகையில் பத்தி எழுதி... எல்லாம் ஆயிற்று. இன்றைக்கும் ஒரு விமானம் தாழப் பறந்தால் அடுப்பின் காஸை நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

இப்படிப்பட்டவளிடம் மஞ்சள் படிவத்தை நீட்டினால்?

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், சில வாரங்களுக்கு முன்பு இதே பத்தியில்தான் "பெண் பிள்ளைகளின் சிறகை வெட்டாதீர்கள்" என்று உங்களுக்குப் புத்தி சொல்லியிருந்தேன். நிறையப் பேர் வட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தீர்கள். மிக்க நன்றி.

முகாமில் பிள்ளைகளின் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ரீச்சரின் போனிலிருந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் வீட்டோடு பேசலாம். தலைவி கடைசி. சாப்பாட்டுக்கும் கடைசி, குளிக்கவும் கடைசி, போனுக்கும் கடைசி. அதுதான் அங்கே வழக்கமாம்.

முதல் நாள் நாற்பது செக்கன் பேசினாள். இரண்டாம் நாள் அழைப்பே இல்லை. தாய்மாருடைய வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராக "பிள்ளை கதைச்சிட்டா" என்று இதயப் படம் போடுகிறார்கள். நான் என் போன் வேலை செய்கிறதா என்று கணவரின் போனிலிருந்து அடித்துப் பார்க்கிறேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

"அவளுக்கு நேரம் முடிஞ்சிருக்கும். சும்மா இரும்" என்றார் அவர்.

சும்மா இருப்பதா? எப்படி? கடைசியில் ரீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டு நினைப்பில் அழுத பிள்ளை ஒன்றுக்கு டிலக்சி தன் இரண்டு நிமிடத்தையும் கொடுத்துவிட்டாளாம். பெருமைப்பட வேண்டிய இடம்தான். எனக்கு வந்தது கோபம். இங்கே ஒருத்தி அழுகிறாளே, அவளுக்கு யார் இரண்டு நிமிடம் கொடுப்பது?

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே அழைப்பு. தலைவி முதல் ஆளாக எடுக்கிறாள் என்றால்... என்ன நடந்தது?

"அம்மா, ஒரு உதவி. நாளைக்குக் காலமை பறப்பு. ஃபோர்ம் ரெண்டு குறையுது."

"ரெண்டோ?"

"ஒண்டு எங்கட குழுவில இருக்கிற ஷிஃபாவின்ர. அவளின்ர உம்மா போனை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறா. சிலாவத்துறைப் பக்கம் வீடு. ஏழு மணிக்குள்ள கையெழுத்து வாங்கி, படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பவேணும். ஒருக்காப் போவீங்களே?"

"மற்றது?"

"மற்றது என்ர. அது உங்களிட்டத்தானே இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஏன் அனுப்பவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.

ஸ்கூட்டியை எடுத்தேன். மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று ஸ்கூட்டியோடு சேர்த்து என்னைக் கரைப் பக்கம் தள்ளியது. தரையில் ஓடுகிற ஸ்கூட்டிக்கே இந்தக் கதி என்றால், வேன் அளவு விமானம் ஒன்று மேலே என்ன பாடு படும்? வங்காலை தாண்டும்போது ஒரு யோசனை. வீடு கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன? அரிப்பு தாண்டும்போது இன்னொன்று. டயர் காற்றுப் போய்விட்டது என்றால்? முப்பத்தைந்து கிலோமீற்றரும் நான் இப்படித்தான் போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஷிஃபாவின் தாய் பரீனா வாசல் அறையில் தையல் மெஷினோடு இருந்தார். நான் யார் என்று சொன்னதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ரீச்சர் எடுத்தா எனக்கு ஏலாதுண்டு சொல்ல வாய் வராது. அதான் போனை ஓஃப் பண்ணி வெச்சிட்டன்" என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். பத்தே பத்து நிமிடம், அனுபவமுள்ள விமானி, இடுப்புப் பட்டி, டொக்டர்கூட நிற்கிறார், இந்தக் காலத்தில் பயப்பட என்ன இருக்கிறது... வாய் தன்பாட்டில் ஓடியது. தேர்தலில் நின்றால் வென்றிருப்பேன்.

பரீனா முழுவதையும் கேட்டார். பிறகு, "நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? சிறகை வெட்டாதீங்கண்டு எழுதினீங்க. ஷிஃபா எனக்கு வாசிச்சுக் காட்டினா. அதைக் கேட்டுத்தான் நான் முகாமுக்கே விட்டன்" என்றார்.

எனக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. ஒரு செக்கன்தான்.

"சரி... நீங்க உங்கட புள்ளைக்குப் போட்டுட்டீங்களா?"

கைப்பையைத் திறந்தேன். நாலாக மடித்த மஞ்சள் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்ன பயம்?"

பொம்மரைச் சொன்னேன். குப்புறப் படுத்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருக்க, வாய் திறந்து வைத்திருப்பதைக்கூடச் சொன்னேன்.

"எனக்கு விழுந்திடும் எண்டு பயமில்ல" என்றார் பரீனா. "அவட வாப்பா கட்டாருக்கு பிளேன் ஏறி ஆறு வருஷம். ரெண்டு தரம் வந்தார். வந்தாலும் அவர் பழைய ஆளில்ல. இந்த வீடு சின்னன், இந்த ரோட்டு சின்னன்... எல்லாம் சின்னனாப் போச்சு அவருக்கு. இவளும் மேல போய்ப் பாத்திட்டு வந்து, நான் சின்னனாத் தெரிஞ்சா?"

ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது. நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு விமானத்துக்குப் பயந்துகொண்டிருந்தோம். ஒரே விமானத்துக்கு அல்ல. பிள்ளைகள் ஏறப்போகிற விமானமோ அந்த இரண்டும் இல்லை! நம்முடைய பழைய பயங்களைப் பிள்ளைகளின் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். இதை நான் ஒன்றும் பெரிய ஞானத்தோடு சொல்லவில்லை. ஆறரை மணி ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

பேனையை எடுத்து முதலில் நான் போட்டேன். என் கையெழுத்து என்று வங்கியில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். பேனையைப் பரீனாவிடம் கொடுத்தேன். அவர் மெஷின் லாச்சியிலிருந்து தன் மஞ்சள் படிவத்தை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுப் போட்டார். வீட்டுக்குள் படம் போகிற அளவுக்குச் சிக்னல் இல்லை. இருவரும் ரோட்டுக்கு ஓடி, போனைத் தூக்கிப் பிடித்து, இரண்டு படத்தையும் அனுப்பினோம். ஏழுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரீச்சர் பார்த்ததற்கு நீலச் சரி விழுந்தது.

நாலாம் நாள் காலை நான் சமைக்கவில்லை. காஸை முதலிலேயே நிறுத்தியாயிற்று. மாதாவைக் கும்பிட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? பன்னிரண்டு பிள்ளைகளும் பத்திரமாக இறங்க வேண்டும், என் பிள்ளை மட்டும் ஏறாமல் போக வேண்டும். இப்படி ஒரு வேண்டுதலை மாதா வேறு யாரிடமிருந்தும் கேட்டிருக்கமாட்டார்.

வட்ஸ்அப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். அடுத்த மூன்று பேர். அடுத்த மூன்று பேர். நாலாவது முறை ஷிஃபா. பரீனா குரல் செய்தி அனுப்பினார்: "இறங்கிட்டாளாம்! அல்ஹம்துலில்லாஹ், இறங்கிட்டாளாம்!" பிறகு படம் வரவில்லை. டிலக்சி எங்கே? ரீச்சரிடம் கேட்டேன். "எல்லாரும் நல்ல சுகம்" என்று பதில். எல்லாரும் என்றால்? ஏறி இறங்கிச் சுகமா, ஏறாமலே சுகமா? பின்னேரமும் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை; அன்று முழுவதும் அந்த ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நிறைவு அணிவகுப்புக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பரீனாவும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். அணிவகுப்பு முடிந்ததும் ஷிஃபா பாய்ந்து வந்தாள்.

"எங்கட வீடு தெரிஞ்சிச்சா?" பரீனாவுக்கு முதல் கேள்வியே அதுதான்.

"இல்ல உம்மா, அது எவ்வளவு தூரம்! ஆனா தேடினன்."

பரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிலக்சி கடைசியாக வந்தாள். பெட்ஷீட்டுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு, முகமெல்லாம் வெயிலில் கறுத்து.

"ஏறினனியா?" என்றேன்.

"இல்லை. நாலு தரம் போச்சு. அஞ்சாந்தரம் நானும் ரீச்சரும். அதுக்குள்ள காத்துக் கூடிட்டுது. நிப்பாட்டிட்டினம்."

பக்கத்தில் நின்ற ரீச்சர் சொன்னார்: "ஷிஃபாவின்ர ஃபோர்ம் வராட்டில் அந்தச் சீற் இவவுக்குத்தான். இவவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் முதல் கோல் உங்களுக்கு எடுத்தவ."

அந்த இடத்தில் நான் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். மூளை அதைச் சொல்வதற்குள் என் முகம் சிரித்துவிட்டது. ஐந்து நாள் பயமும் ஒரேயடியாக இறங்கிய சிரிப்பு. மறைக்க நேரம் கிடைக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பரவாயில்லை, சிரியுங்கோ அம்மா. பன்னிரண்டு பேரும் பத்திரமா இறங்கினதுக்கெண்டு நினைச்சுக்கொள்ளுறன்" என்றாள்.

அவள் அப்படி நினைக்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.